நாலு மில்லிமீட்டர்

அந்த மிக்ஸி ஜார் மூடிய அப்படிப் போட்டு அமுக்காதீங்க, உடைஞ்சிரும். நீங்க மார்த்தாண்டத்துல ஏறுனதுலேருந்து பார்த்துக்கிட்டே வர்றேன். நீங்க அமுக்குறீங்க, அது எந்திரிக்குது. மக வீட்டுக்கா கொண்டு போறீங்க? சும்மாதான் கேட்டேன். ரிப்பேர்காரன் புது வாஷர் போட்டிருப்பான். புதுசுன்னா கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்க. முப்பத்தஞ்சு வருஷம் நான் பார்த்த வேலையே இதுதாங்க. ஒரு டப்பாவ இன்னொரு டப்பாவோட பொருத்துறது. என்ன, எங்க டப்பா ரெண்டும் தலைக்கு மேல ஐந்நூறு கிலோமீட்டர்ல சுத்தும். இந்த பஸ் மார்த்தாண்டத்துலேருந்து தக்கலை வந்து சேர்ந்த நேரத்துல, அது பாதி பூமியச் சுத்தி முடிச்சிருக்கும். டிரைவர் காதுல விழுந்தாலும் பரவாயில்ல, உண்மையத்தான சொல்றேன்.

ஆமா, ராக்கெட் ஆபீஸ்தான். பேரெல்லாம் எதுக்கு? ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. ஜெசிந்தா மேடம்னு கேட்டா வாட்ச்மேன் இன்னும் எந்திரிச்சு நிப்பான். உள்ள இருக்கிறவங்க நிப்பாங்களான்னு தெரியல. அவங்கெல்லாம் இப்ப ரொம்ப நெகிழ்வா மாறிட்டாங்க. அந்த நெகிழ்வுக்குக் காரணமே நான்தான்னு எனக்குச் சால்வை வேற போர்த்தினாங்க. வயித்தெரிச்சல். சொல்றேன் கேளுங்க, நாகர்கோவில் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

வானத்துல ரெண்டு செயற்கைக்கோள் ஒண்ணோட ஒண்ணு வந்து சேரணும். அதுல ஒண்ணு சும்மா நிக்கும். இன்னொண்ணுதான் தேடிப் போகும். எது போகணும்னா, எதுல எரிபொருள் இருக்கோ அது போகணும். இதுல வயசு, மரியாதை எல்லாம் கெடையாது. கீழ இருந்து நாம பார்த்துக்கிட்டு இருக்கலாம், ஆனா 'வலது பக்கம் போ'ன்னு சொன்னா, சொல்லு போய்ச் சேர்றதுக்குள்ள அங்க நெலமையே மாறியிருக்கும். என் மக மாதிரின்னு வைங்களேன். சரி, அது வேற கத.

அதனால, போறதே யோசிச்சுப் போகணும். அந்த யோசனைய எழுதுனது பௌசியான்னு ஒரு பிள்ள. முப்பது வயசு இருக்கும், எப்பப் பார்த்தாலும் கையில ஒரு சுண்டல் பொட்டலம். அவ முறை என்னன்னா, தேடிப் போற அந்தக் கலம் பத்து செகண்டுக்கு ஒரு தடவ, அடுத்த பத்து நிமிஷத்துக்கு மொத்தமாத் திட்டம் போடும். இப்படித் தள்ளுனா எங்க போவேன், அப்படித் தள்ளுனா எங்க போவேன்னு கணக்குப் பார்த்து, போட்ட நிபந்தனை எல்லாத்துக்கும் அடங்குன நல்ல வழியா ஒண்ண எடுக்கும். எடுத்து, அதுல முதல் அடிய மட்டும் வைக்கும். மிச்சத் திட்டத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, திரும்பவும் கண்ணத் திறந்து பார்த்து, முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. நான் கல்யாணமாகி வந்த மொத மாசம் சமையல் பட்டியல் எழுதி அலமாரிக் கதவுல ஒட்டுனவ. திங்கள் புளிக்கறி, செவ்வாய் அவியல். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பட்டியல் மாறல. எங்க வீட்டுக்காரருக்குப் புளிக்கறி பிடிக்காதுன்னு பத்தொன்பதாவது வருஷந்தான் சொன்னாரு. முன்னாடியே சொல்ல வேண்டியதுதான? திட்டம் போடுறது எதுக்கு, கிழிச்சுப் போடவா? "ஏம்மா, பத்து நிமிஷத்துக்குத் திட்டம் போட்டுட்டு பத்து செகண்டுதான் நடக்கும்னா, மிச்சம் ஒம்பது நிமிஷம் அம்பது செகண்டு எதுக்கு?"ன்னு கேட்டேன். "தூரமாப் பார்க்கணும் மேடம், ஆனா கிட்டத்துல நடக்குறத வச்சு மாத்திக்கணும்"னுச்சு. சுண்டல மென்னுக்கிட்டே.

பரிசீலனைக் குழுவுல நாங்க ஏழு பேர். நான்தான் தலைவர். எங்க பழக்கம் என்னன்னா, கையெழுத்துப் போடுற ஒவ்வொருத்தரும் ஒரு நிபந்தனையாவது இறுக்கணும். இறுக்காமக் கையெழுத்துப் போட்டா, ஆள் தூங்கிட்டு வந்திருக்கார்னு அர்த்தம். கேமராக்காரர் சிவசைலம், கடைசிக் கட்டத்துல கேமராவுக்குப் பன்னெண்டு நிமிஷம் நல்ல வெளிச்சம் இருக்கும்னு வச்சிருந்தத, 'எதுக்கும் இருக்கட்டும்'னு எட்டு நிமிஷமாக் குறைச்சார். இன்னொருத்தர் கலம் விடுற புகை எதிர்க்கோள் மேல படக் கூடாதுன்னார். இன்னொருத்தர் எரிபொருள்ல கால்வாசியத் தொடவே கூடாதுன்னார். இட்லி மாவ வழியில போறவங்க எல்லாம் பார்த்துட்டு, ஆளுக்கு ஒரு பிடி உப்பு போட்டுட்டுப் போன மாதிரி.

நானும் ஒண்ணு போட்டேன். கிட்ட நெருங்குற வேகம் நொடிக்கு அஞ்சு சென்டிமீட்டர்னு பௌசியா வச்சிருந்தா. நான் மூணுன்னேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், மத்தவங்க போட்டது பயத்துல. நான் போட்டது அனுபவத்துல.

அந்தப் பிள்ள எந்திரிச்சு, "மேடம், ஒவ்வொண்ணும் தனித்தனியா சரிதான். எல்லாம் சேர்ந்து நிக்குமான்னு ஒரு தடவ ஓட்டிப் பார்த்துடலாமா? ஒரு வாரம் குடுங்க"ன்னுச்சு.

"ஒவ்வொரு செங்கலும் சரின்னா செவரு சரியா இருக்காதாம்மா?"ன்னேன். மத்த ஆறு பேரும் சிரிச்சாங்க. நல்ல பதில்தான? எனக்கே பிடிச்சிருந்துச்சு.

அதோட விட்டாளா? இன்னொண்ணு கேட்டா. நிபந்தனைய இரும்பா வைக்காம, கொஞ்சம் வளையுற மாதிரி வைக்கலாமாம். வேற வழியே இல்லாதப்ப, எந்த நிபந்தனைய எவ்வளவு கொறைச்சலா மீறுனாப் போதும்னு கலமே பார்த்துக்குமாம். மீறுனதுக்கு ஒரு வெலையும் உண்டாம், சும்மா இல்லையாம். நான் சொன்னேன், "வளைஞ்சா அதுக்குப் பேரு நிபந்தனை இல்லம்மா, கெஞ்சல்." அவ அத எழுதித்தான் வச்சா. ஆனா குழு சொல்ற வரைக்கும் அந்த வசதிய மூடியே வைக்கணும்னு நான் உத்தரவு போட்டேன்.

ஒரு நிமிஷம் இருங்க, போன் அடிக்குது.

என்ன? ... என்னது? ... பல்லு இல்லாமப் பேசாதீங்க, ஒண்ணும் வெளங்கல. ... தக்கலை தாண்டியாச்சு. ... கஞ்சி அடுப்பு மேலதான் இருக்கு, தொவையல் மூடி வச்சிருக்கேன். ... பத்திரமாத்தான் இருக்கு, மடியில வச்சிருக்கேன். வைங்க.

எங்க வீட்டுக்காரர். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். அவரப் பத்தி அப்புறம் சொல்றேன்.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டு கோளும் சேர வேண்டிய நாள். காலைல எட்டு மணிக்கு எல்லாரும் ஸ்கிரீன் முன்னாடி ஒக்காந்துட்டோம். அஞ்சு கிலோமீட்டர்ல நின்னு கேட்டுச்சு, வான்னோம். ஒன்றரைக் கிலோமீட்டர், வான்னோம். எரநூறு மீட்டர், வான்னோம். கல்யாண வீட்டுக்கு வர்ற சம்பந்தி மாதிரி அங்கங்க நின்னு நின்னு, கூப்பிடக் கூப்பிட வந்துச்சு. பதினஞ்சு மீட்டர் வந்தாச்சு. இந்த பஸ் நீளம் கூட இல்ல. வான்னோம். வரல.

ஸ்கிரீன்ல 'வழி இல்லை'ன்னு வருது. பத்து செகண்டு கழிச்சு திரும்பவும் 'வழி இல்லை'. எட்டு நிமிஷம் அதையே சொல்லிட்டு, வெளிச்சம் போனதும், வந்த வழியப் பார்த்துப் பின்னால போயிருச்சு. எங்க டைரக்டர் நெத்தியத் தொடைக்கிறார். சிவசைலம் கேமரால கோளாறு இல்லங்கிறார். புகைக்காரர் புகைல கோளாறு இல்லங்கிறார். ஒருத்தர் மேலயும் தப்பு இல்ல. அவ்வளவு சுத்தமான குழு.

மறுநாளும் அதே கூத்து. பதினஞ்சு மீட்டர், வழி இல்லை, பின்னால. வந்து நிக்கிறதுக்கும் திரும்பிப் போறதுக்கும் எரிபொருள் செலவாகுதுல்ல? மூணாவது நாள் கணக்குப் பார்த்தா, இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதுலயும் சேரலன்னா, ஆறு வருஷ வேலை, ரெண்டு கோள், எல்லாம் வானத்துல குப்பை.

அன்னைக்குக் காலைல பௌசியா ஒரு துண்டுப் பேப்பரோட வந்தா. பத்தாங்கிளாஸ் கணக்குங்க. பதினஞ்சு மீட்டர். நொடிக்கு மூணு சென்டிமீட்டர். வெளிச்சம் எட்டு நிமிஷம். பெருக்கிப் பாருங்க, பதினாலு மீட்டர் நாப்பது சென்டிமீட்டர்தான் வரும். இன்னும் அறுபது சென்டிமீட்டர் இருக்கும்போதே வெளிச்சம் போயிரும். அந்தக் கலம் முன்னாடியே பார்த்துருச்சு, போனாப் போய்ச் சேர மாட்டோம்னு. அதான் கெளம்பவே இல்ல. ஏழு பேரு, ஏழு பேருக்கும் டாக்டர் பட்டம், ஒருத்தரும் பெருக்கிப் பார்க்கல.

"வளையுற வசதியத் திறந்தா என்ன சொல்லுது?"ன்னு டைரக்டர் கேட்டார்.

"ஒரே ஒரு நிபந்தனைதான் சார். வேகம். கெளம்பி வேகம் எடுக்குற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தா, மூணு சென்டிமீட்டர மூணு புள்ளி நாலா வச்சாப் போதும், மத்த எல்லாம் அப்படியே நிக்குது. நாலு மில்லிமீட்டர்."

எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்கிறாங்க. எட்டு நிமிஷ வெளிச்சத்த ஒம்பது ஆக்கிக்கலாம்ல? சிவசைலத்த யாராவது பார்த்தாங்களா? இல்ல. என்னத்தான் பார்க்கிறாங்க. நாலு மில்லிமீட்டர்னா எவ்வளவு தெரியுமா? ஒரு உளுந்து. ஒரு உளுந்துக்காக நான் தலை குனியணுமாம்.

"மேடம், நீங்க சொல்லுங்க"ன்னார் டைரக்டர்.

நான் எந்திரிச்சேன். "தொண்ட வறண்டு போச்சு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு வெளிய வந்துட்டேன். நெசமாவே தாகந்தாங்க. வராந்தா கடைசில தண்ணி மெஷின் இருக்கு. ஒரு தம்ளர் குடிச்சேன். கதவுப் பக்கம் பார்த்தேன், சாத்தியிருந்துச்சு. இன்னொரு தம்ளர் குடிச்சேன். தலைவர் இல்லாத நேரத்துல டைரக்டரே முடிவெடுக்கலாம்னு விதி இருக்குன்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. அந்த விதிய எழுதுனவளே நான்தான். ஆனா தாகம் எடுத்தா மனுஷி என்ன செய்வா? நாலு தம்ளர் குடிச்சேன். அஞ்சாவது நிரம்பும்போது உள்ள கைத்தட்டுச் சத்தம் கேட்டுச்சு.

நான் இல்லாத நேரம் பார்த்து முடிவு பண்ணிட்டாங்க, அன்னைக்கே ரெண்டு கோளும் சேர்ந்தும் போச்சு. இதான் என் ஆதங்கம். முப்பத்தஞ்சு வருஷம் ஒழைச்சவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இதுல, விழா மேடையில அந்தப் பிள்ள மைக்கப் பிடிச்சு, "ஜெசிந்தா மேடம் சரியான நேரத்துல தண்ணி குடிக்கப் போனாங்க. அதுக்கு நன்றி"ன்னுச்சு. சபையே சிரிக்குது. எனக்குச் சால்வை. அப்பவும் நான் கேட்டேன், "என் நிபந்தனையில என்ன தப்பு, சொல்லு." "தப்பே இல்ல மேடம். தனியா இருந்தாத் தப்பே இல்ல"ன்னு சுண்டல நீட்டுனா. எடுத்துக்கிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

எங்க வீட்டுக்காரர் கதைய விட்டுட்டேன்ல? என் மக ஷெர்லின் இதோ இங்க பார்வதிபுரத்துலதான் இருக்கா. பேங்க் வேலை. நாலு வருஷம் முன்னால கல்யாணம் பண்ணிக்கிட்டா. என்கிட்ட கேக்கல, சொன்னா. வித்தியாசம் புரியுதுல்ல? பையன் பேரு சஜின், பேக்கரி வச்சிருக்கான். சரி, போகட்டும். நான் கதவ ஒண்ணும் சாத்தலைங்க. சில விஷயம் சொன்னேன், அவ்வளவுதான். அவதான் மொதல்ல வரணும், சின்னவதான வரணும்? வரும்போது அவனையும் கூட்டிட்டு வரணும். மன்னிப்ப அவன் வாயால கேக்கணும். ஆனா என் முன்னால அவன் பேசக் கூடாது, அந்தக் குரலக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது. ஞாயித்துக்கிழம வரக் கூடாது, சர்ச் விட்டு வர்ற தெருவே வேடிக்கை பார்க்கும். அவன் பேக்கரிக்கு ஞாயிறு மட்டுந்தான் லீவாம், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. எதுல தப்பு இருக்கு?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

சரி விடுங்க. எங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா மாசம் தவறாம நாகர்கோவிலுக்குப் பல் டாக்டரப் பார்க்க வர்றார். அவருக்கு ரெண்டு வரிசையும் கட்டுப்பல்லு. காலைல போட்டுக்குவார், ராத்திரி டம்ளர்ல கழட்டி வைப்பார். அதுக்கு மாசாமாசம் டாக்டர். நாங்க இருக்கிற திருவனந்தபுரத்துல பல் டாக்டரே கெடையாது பாருங்க. போகும்போது கையில ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ், வரும்போது ஒரு பெட்டி பிளம் கேக். எந்தப் பல் டாக்டர் கேக் குடுத்து அனுப்புறான்? நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவர் பையத் திறக்கிற நேரம் எனக்கு அடுக்களையில வேலை இருக்கும். கேக்க மட்டும் வெட்டித் தட்டுல வைப்பேன். நல்ல கேக்கு, முந்திரி தாராளமாப் போடுறான்.

போன மாசம் திரும்பி வந்தவரு சாப்பிடவே இல்ல. என்னன்னேன். டாக்டருக்கு ஒடம்பு சரியில்லையாம், கட்டில விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம். "என்ன ஒடம்புக்கு?"ன்னேன். "ஏழாம் மாசம்"னார். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டார். நான் அடுப்ப அணைக்கிறேன்னு உள்ள போயிட்டேன். அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சு. என் பிள்ளைக்கு ஏழாம் மாசம்னு, பல் டாக்டர் கணக்குல எனக்குத் தெரிய வேண்டியிருக்கு பாருங்க. அவளால இனி வர முடியாது. எரிபொருள் இருக்கிறது இப்ப இந்தப் பக்கந்தான்.

இன்னைக்குக் காலைல எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார் தெரியுமா? முட்டி வலியாம், பஸ் ஏற முடியாதாம். ரெண்டு வரிசையையும் கழட்டி, டப்பால போட்டு, என் கையில குடுத்துட்டார். "நீ போய் டாக்டர்கிட்ட காமிச்சுட்டு வா, ஈறுல குத்துது"ங்கிறார். இதோ, இந்த டப்பாதான். பயப்படாதீங்க, கழுவித்தான் இருக்கு. நான் திரும்பிப் போற வரைக்கும் மனுஷனுக்குக் கஞ்சிதான். பாதி வழியில திரும்பிறக் கூடாதுன்னு பல்ல ஈடு வச்சிருக்கார். இந்தச் சீட்டுல அட்ரஸப் பாருங்க, அவர் கையெழுத்துதான். 'நீல கேட், மாடி, மல்லிகைக் கொடி இருக்கும்.' எந்த டாக்டர் அட்ரஸ்ல மல்லிகைக் கொடி வரும்? கீழ சின்னதா எழுதியிருக்கார் பாருங்க, 'கேட் பூட்டாது, தட்ட வேண்டாம்.'

அந்த ஜார இங்க குடுங்க, எறங்குறதுக்குள்ள போட்டுத் தர்றேன். மூடிய மொதல்லயே அமுக்கக் கூடாதுங்க. சும்மா மேல வைக்கணும். இப்படி ஆடட்டும், ஆடுனா என்ன? ஆடிக்கிட்டே மெதுவாத் திருப்பணும். இதோ. ஒக்காந்துருச்சா? நீங்க மொதல்லேருந்தே இறுக்கப் பார்த்தீங்க, அதான்.

பாலம் வந்தாச்சு, பார்வதிபுரம். நீங்க வடசேரி வரைக்கும் போவீங்கல்ல, போங்க. உங்க மகள விசாரிச்சதாச் சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? ஞாயித்துக்கிழம எந்தப் பல் டாக்டர் இருப்பார்னா? ஆமாங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான். பேக்கரியும் லீவுதான், அவனும் வீட்டுலதான் இருப்பான். எல்லாம் தெரியுது எனக்கு. கொஞ்சம் கால ஒதுக்குங்க. கண்டக்டர், ஒரு ஆள் எறங்கணும்.

நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்தப் பக்க ஜன்னல் வழியா ஏதாவது பார்த்துக்கிட்டு இருங்க. ஒரு நிமிஷம். நான் எறங்குறதப் பார்க்காதீங்க.